புள்ளி நகராவிட்டால் ஓடப்போவது யார்?

பாளையங்கோட்டை

அன்புள்ள கயல்,



பாப்பா சேலையூரில் ஒன்றாம் வகுப்புக்கு வேனில் போகப் போகிறாள், கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டிவிடலாமா, பைக்குள் ஏர்டேக் போட்டுவிடலாமா என்று கேட்டு வரிசையாக லிங்க் அனுப்பியிருந்தாய். “டெலிபோன் டிபார்ட்மெண்டில் இருந்தவர், உங்களுக்குத்தான் தெரியும், ஒரே வார்த்தையில் சொல்லுங்க சித்தப்பா” என்றும் போட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் அடங்குகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் போனை வைத்துவிட்டுக் காகிதம் எடுத்தேன்.

வாங்காதே என்று சொல்ல மாட்டேன். ஆறு வயதுப் பிள்ளையை ஊர்பேர் தெரியாதவர் ஓட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு, சோழிங்கநல்லூரில் போய் உட்கார்ந்து வேலை பார்க்கிற தாய்க்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் வாங்கும் முன் அது என்ன செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள். விற்கிறவன் இதைச் சொல்ல மாட்டான்.

செயற்கைக்கோள் மேலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது யாரையும் பார்ப்பதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன் என்ற இரண்டையும் சொல்லிக்கொண்டே போகின்றன. வாட்ச் அதைக் கேட்கும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். போட்ட கணக்கை உனக்குச் சொல்வதற்குத்தான் உள்ளே ஒரு சிம். ஆக, உன் போனில் பாப்பா இருக்கும் இடம் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டுமானால் வாட்சுக்கு வானம் தெரிய வேண்டும், டவர் கிடைக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும், ரீசார்ஜ் முடிந்திருக்கக் கூடாது. நாலில் ஒன்று பிசகினாலும் புள்ளி நம்ப முடியாததாகிவிடும், அல்லது கடைசியாகக் கண்ட இடத்திலேயே நிற்கும்.

திறந்த மைதானத்தில் என்றால் ஐந்து மீட்டருக்குப் பக்கத்தில் துல்லியமாகச் சொல்லிவிடும். கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழைந்ததும் அந்தத் துல்லியம் போய்விடும். அப்போது பக்கத்தில் எந்த வைஃபை இருக்கிறது, எந்த டவர் கிடைக்கிறது என்று பார்த்து வாட்ச் ஊகிக்க ஆரம்பிக்கும். டவரை வைத்துச் சொல்லும் இடம் ஊருக்குள் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். எங்கள் பக்கம் மாதிரி டவர் தூரதூரமாக இருக்கும் இடத்தில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போகும். வகுப்பில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும் பாப்பாவைச் சேலையூர் ஏரிக்குள் காட்டினாலும் காட்டும். அன்று நீ மீட்டிங்கில் இருந்து எழுந்து ஓடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்னொன்று, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைச் சொல்கிறது என்பது. நிமிடத்துக்கு நிமிடம் சொல்லச் சொன்னால் சார்ஜ் சாயங்காலம் வரை நிற்பதே கஷ்டம். அதனால் பல வாட்சுகளில் பத்து நிமிட இடைவெளி வைத்துக்கொள்கிறார்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வேன் பத்து நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடும். நீ பார்க்கிற புள்ளி, வேன் இருந்த இடம். இருக்கிற இடம் என்று நினைத்துவிடாதே.

விலை குறைந்த வாட்சுகள் பல 2ஜி மட்டுமே பிடிக்கும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. உன் வீட்டில் எல்லாரும் ஜியோ என்பதால் அந்த சிம்மையே போட்டுவிட்டு, வாட்ச் ரிப்பேர் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. 4ஜி என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

ஏர்டேக் கதை வேறு. அதற்குள் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. ஒரு ப்ளூடூத் வில்லைதான். பக்கத்தில் யாராவது ஐபோனோடு போனால், அந்தப் போன் இதன் குரலைப் பிடித்து ஆப்பிளுக்குத் தகவல் சொல்லும். ஆப்பிள் உனக்குச் சொல்லும். ஐபோன் மலிந்த ஊர்களில் பிரமாதமாக வேலை செய்யும். உன் பாப்பா போகும் வேனில் ஐபோன் யாரிடம் இருக்கிறது? ஓட்டுநர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டாகத்தான் இருக்கும். 2021இல் அதை வெளியிட்டபோதே, இது சாவிக்கும் பைக்கும்தான், குழந்தைகளுக்காகச் செய்தது அல்ல என்று அந்த நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். உன் பெட்டி விமானத்தில் தொலையாமல் இருக்க வாங்கு. பாப்பாவுக்கு வேண்டாம்.

சரி, நல்ல வாட்சாகவே வாங்கிவிட்டாய், புள்ளியும் சரியாகவே தெரிகிறது என்று வைத்துக்கொள். நான் கேட்க வந்தது இதற்குப் பிறகுதான் வருகிறது.

நடை பழகும் பிள்ளைக்கு நம் வீட்டில் கொலுசு போடுவது அழகுக்கு மட்டும் இல்லை. அடுப்படியில் நின்றபடியே உன் ஆச்சி, நீ எந்த அறையில் இருக்கிறாய் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவாள். சத்தம் நின்றால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். கொலுசு பிள்ளையைக் காப்பாற்றியதே அந்த ஓட்டத்தால்தான். நாலு எட்டில் போய்ச் சேரும் தூரத்தில் ஆள் இருந்தது. இப்போது கொலுசு சத்தம் சேலையூரில் கேட்கிறது, கேட்கிற ஆள் சோழிங்கநல்லூரில் இருக்கிறாள். மாலை ஐந்து மணிக்கு மேடவாக்கம் வழியாக நீ வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று நீதானே புலம்புவாய்? மாப்பிள்ளை ஒரகடத்தில். புள்ளி நகராமல் நின்றுவிட்டது, அல்லது தெரியாத தெருவுக்குள் திரும்பிவிட்டது என்றால் யார் ஓடப்போகிறார்கள்?

இதற்குப் பெயரும் போன் நம்பருமாகப் பதில் சொல்ல முடிந்தால் வாட்ச் வாங்கு. முடியாவிட்டால், முதலில் அந்த ஆட்களைத் தேடு. கீழ்வீட்டு அம்மா, தெருமுனை மளிகைக் கடைக்காரர், அதே வேனில் பிள்ளையை அனுப்பும் இன்னொரு தாய், பள்ளி அலுவலகத்தில் போனை எடுக்கிற ஆள். பத்து நிமிடத்தில் வேனையோ பள்ளியையோ போய்ப் பார்க்கக்கூடிய மூன்று பேர் இருந்தால் போதும். அவர்களிடம் முன்கூட்டியே பேசி, “அவசரம் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவேன்” என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாமல் ஃபிளாட் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இதுதான் வாட்ச் வாங்குவதைவிடப் பெரிய வேலை. உனக்கும் அப்படித்தான் என்று தெரியும், கோபித்துக்கொள்ளாதே.

புள்ளி சரியான இடத்தில் இருந்தும் பிள்ளைக்கு ஆபத்து வந்த கதைகள் உங்கள் ஊரிலேயே உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்துபோனாள். அன்று அவள் கையில் வாட்ச் இருந்திருந்தால், வழக்கமான பாதையில் வழக்கமான நேரத்தில் பேருந்து போய்க்கொண்டிருப்பதாகத்தான் காட்டியிருக்கும். 2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில் ஒரு சிறுவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பள்ளி வேன் மோதி இறந்தான். புள்ளி ‘பள்ளியில் இருக்கிறார்’ என்று சொல்லியிருக்கும். முதல் சாவுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் 2012இல் வந்தன. இரண்டாவதற்குப் பிறகு கேமராவும் சென்சாரும் பொருத்த வேண்டும் என்று அந்த விதிகளைத் திருத்தினார்கள். எல்லாமே வண்டியைப் பற்றியவை. வண்டியின் தரை, கதவு, பிரேக், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஓர் உதவியாளர், ஓட்டுநரின் அனுபவம்.

ஆகவே வாட்ச் ஆப்பைத் திறப்பதற்கு முன் ஒருநாள் காலையில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்த வேனைப் போய்ப் பார். உள்ளே ஏறிப் பார். எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார்கள், ஆயா ஒருவர் கூடவே வருகிறாரா, பிள்ளை இறங்கி வண்டியைவிட்டு விலகிய பிறகுதான் நகர்த்துகிறார்களா என்று பார். கடைசிப் பிள்ளை இறங்கியதும் யாராவது பின்சீட் வரை போய்ப் பார்க்கிறார்களா என்று கேள். தூங்கிப்போன பிள்ளையை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற கொடுமை வெயில் காலத்தில் உயிரையே எடுக்கும். அப்போதும் புள்ளி பள்ளியில்தான் நிற்கும். இந்தக் கேள்விகளுக்கு வேன்காரர் முகம் சுளித்தால், வேறு வேன் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது, ஆனால் நீ தாய். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். அதாவது நடக்கிற இடம் வீடாகவோ, டியூஷனாகவோ, நாம் நம்பி அனுப்பும் வீடாகவோ இருக்கும். வாட்ச் அந்த இடத்தைப் பச்சை வட்டத்துக்குள் காட்டி, ‘பாதுகாப்பான பகுதி’ என்று உனக்கு மெசேஜ் அனுப்பும். இதற்கு எந்த வாட்சிலும் பட்டன் இல்லை. பாப்பா உன்னிடம் வந்து எதையும் சொல்லலாம், சொன்னால் அம்மா அடிக்க மாட்டாள், நம்புவாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘மாமாவுக்கு முத்தம் கொடு’ என்று வற்புறுத்துவதை நம் வீட்டுப் பெரியவர்கள் நிறுத்த வேண்டும், நானும் சித்தியும் உட்பட. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இனி வாட்சின் உள்விவகாரம். பிள்ளை எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்கிற கருவி, ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஊருக்கே சொல்லும். 2017 அக்டோபரில் நார்வேயின் நுகர்வோர் மன்றம் குழந்தைகளுக்கான வாட்சுகள் சிலவற்றைச் சோதித்துப் பார்த்தது. சிலவற்றில் வெளியாள் ஒருவர் கணக்கைக் கைப்பற்றி, பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்கவும் பிள்ளையோடு பேசவும் முடிந்தது. இருக்கும் இடத்தைப் பொய்யாகக் காட்டவும் ஒன்றில் வழி இருந்தது. எல்லை தாண்டினால் எச்சரிக்கும் வசதியை நம்ப முடியவில்லை என்றும் சொன்னார்கள். 2019இல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், சீனாவின் ஷென்சென் நகர நிறுவனம் ஒன்று தயாரித்த சுமார் 6 லட்சம் டிராக்கர்கள் 123456 என்ற ஒரே பாஸ்வேர்டோடு உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. வாங்கினவர்கள் யாரும் மாற்றவில்லை. கருவியின் எண்ணும் அதன் ஐஎம்இஐ எண்ணிலிருந்தே எடுத்தது என்பதால், எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தாலே யாரோ ஒருவரின் பிள்ளை திரையில் வந்துவிடும்.

நீ அனுப்பிய லிங்க்குகளில் ஒன்றில், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வாட்ச், தயாரித்தவர் யார் என்றே போடவில்லை. முகவரி இல்லை, ஆப்பின் பெயரும் வாட்சின் பெயரும் வேறுவேறு. அதை விட்டுவிடு. எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரித்த அன்றே பாஸ்வேர்டை மாற்று. பாப்பாவின் முழுப்பெயர், பள்ளி, போட்டோ எல்லாம் அந்த ஆப்பில் போட வேண்டியதில்லை. ‘பாப்பா’ என்று போட்டால் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. சட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் தகவல் ஏதோ ஒரு நாட்டு சர்வரில் போய் உட்கார்ந்த பிறகு அதைத் தேடிப்போய் அழிப்பது நம்மால் ஆகிற காரியமா?

பல வாட்சுகளில் ‘மானிட்டர்’ என்று ஒரு வசதி இருக்கும். ஆப்பில் உன் நம்பரைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் வாட்ச் சத்தமில்லாமல் உன்னைக் கூப்பிட்டு, தன்னைச் சுற்றி நடக்கும் பேச்சை எல்லாம் உன் காதில் போடும். பிள்ளைக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. 2017 நவம்பரில் ஜெர்மனி இப்படி ஒட்டுக்கேட்கும் குழந்தை வாட்சுகளை விற்கவே தடை போட்டது. பெற்றோர்கள் வகுப்பில் ஆசிரியர் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இத்தனை வருஷம் டெலிபோன் லைனோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடுத்தவர் பேச்சைக் கேட்பது ஒரு போதை. முதல் நாள் பயத்தில் கேட்பாய், அப்புறம் டீச்சர் என்ன சொன்னாள் என்று கேட்பாய், அப்புறம் உன் மாமியார் பாப்பாவிடம் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்பாய். அந்த வசதி உள்ள வாட்சை வாங்கவே வாங்காதே.

காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போயிருப்பாய். மணலில் இறங்கும் இடத்திலேயே போலீஸார் பிள்ளைகளின் மணிக்கட்டில் பட்டை ஒன்றைச் சுற்றி, பெற்றோரின் செல்போன் எண்ணை அதில் எழுதிவிடுகிறார்கள். அதற்கு சார்ஜ் வேண்டாம், சிம் வேண்டாம். அத்தனை கூட்டத்தில் டவர் திணறும், போன் கிடைப்பதே பாடு. உன் விலையுயர்ந்த வாட்ச் அங்கே தடுமாறும். பட்டையைப் பார்த்த சுண்டல்காரர் பிள்ளையைப் போலீஸ் உதவி மையத்தில் சேர்த்துவிடுவார். பிள்ளையைக் கண்டெடுத்தவர் கையில் தகவல் கிடைக்கிறது, அதுதான் அந்தப் பட்டையின் சூட்சுமம். திருவிழா, கல்யாண மண்டபம், தி.நகர் என்று போகும்போதெல்லாம் நீயே இப்படி ஒன்று கட்டிவிடு. பெயரை மட்டும் எழுதாதே. பைக்கு வெளியேயும் தண்ணீர் பாட்டிலிலும் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுகிறோம்; முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.

பாப்பாவுக்கு உன் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா? ஏதாவது பாட்டு மெட்டில் போட்டுச் சொல்லிக்கொடு, ஒரு வாரத்தில் வந்துவிடும். உன் முழுப்பெயர், அப்பா பெயர், தெருப்பெயர், பக்கத்துக் கோயில் பெயர். ‘அம்மா அனுப்பினாங்க, வா’ என்று யார் கூப்பிட்டாலும் நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கேட்கப் பழக்கு. அந்தச் சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கூட்டத்தில் தவறிவிட்டால் தேடி ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும், பிள்ளையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ கடை கல்லாவில் இருப்பவரிடமோ காக்கிச் சட்டையிடமோ சொல்ல வேண்டும். 1098 என்ற எண்ணை அவளும் தெரிந்துகொள்ளட்டும், உன் மாமியார் போனிலும் போட்டு வை. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

வாட்ச் கட்டுவதாக இருந்தால் பாப்பாவிடம் சொல்லிவிட்டுக் கட்டு. “வேன் எங்கே வருதுன்னு அம்மாவுக்குத் தெரியும்” என்று சொன்னால் அவளுக்குப் புரியும். வேனில் ஏறும்போது போட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடு. வீட்டுக்குள்ளும், ஆச்சி வீட்டிலும், பூங்காவிலும் அது வேண்டாம். பல பள்ளிகளில் சிம் போட்ட வாட்சை வகுப்புக்குள் அனுமதிப்பதில்லை, அதையும் முன்பே கேட்டுக்கொள். மூன்றாம், நான்காம் வகுப்பு வரை சரி. அதற்கு மேல் அவளிடமே கேட்டு முடிவு செய்.

இதையும் கேட்டுவிடுகிறேன். பாப்பா பையனாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருப்பாயா? நம் சனம் பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று ஆரம்பித்த எதையும் லேசில் நிறுத்தியதில்லை. ஆறு வயதில் வேனுக்காகக் கட்டியது பதினாறு வயதில் டியூஷனுக்காக, இருபதில் காலேஜுக்காக, கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் போனில் என்று கை மாறிக்கொண்டே போகும். பதினாலு வயதுப் பெண் வாட்சைத் தோழியின் பைக்குள் போட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகாது. அன்று உனக்குப் புள்ளி லைப்ரரியில் தெரியும், மகள் எங்கே என்று தெரியாது, கேட்டால் சொல்லவும் மாட்டாள். உன் அப்பா, என் அண்ணன், உன்னைத் தனியாகத் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலேற்றிச் சென்னைக்குப் படிக்க அனுப்பியபோது உனக்கு வயது பதினெட்டு. ஊர் என்னவெல்லாம் சொன்னது என்று உனக்கே தெரியும். பாப்பாவுக்கும் அந்த நாள் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இப்போது முடிவெடு.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. வேன் ஓட்டுநரின் பெயர், லைசென்ஸ், வண்டி எண் மூன்றையும் வாங்கி எழுதி வை. கீழ்வீட்டு அம்மாவிடம் ஒரு தட்டில் ஏதாவது பலகாரம் வைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பேசு. இந்த இரண்டும் முடிந்த பிறகு வாட்ச் வாங்குவதாக இருந்தால் பாதிப் பணத்தைப் பாப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாக நான் தருகிறேன். முடியும் வரை ஒரு பைசா தர மாட்டேன்.

அன்புடன்,
சித்தப்பா